தொடாக் காஞ்சியும் ‘மிருதன்’ திரைப்படமும்

சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய ‘மிருதன்’ (2016), தமிழின் முதல் நடைபிணத் திரைப்படமாக அறியப்படுவது. உதகையில் வேதிப்பொருள் கசிவால் தொற்று பரவுகிறது. போக்குவரத்துக் காவலர் கார்த்திக் தன் தங்கையைத் தேடுகிறார். இத்தேடலைத் தொல்காப்பியப் புறத்திணையியலின் தொடாக் காஞ்சியோடு வைத்துப் பார்க்கலாம். புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் நெருங்காதவாறு மனைவி காக்கும் துறை அது. அக்காவலின் விரிவைப் புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில் கிழார் காட்டுகிறார்: மனையில் வேம்பு செருகுகின்றனர், ஐயவி சிதறி நறும்புகை எழுப்புகின்றனர், யாழ் ஒலிக்கிறது. (அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் வழக்கம் சிவகிரி போன்ற ஊர்களில் இன்றும் உண்டு.) புகையின் இடத்தில் படம் நீரை வைக்கிறது; நடைபிணங்கள் நீருக்கு அஞ்சுகின்றன.

ஒப்புமை இதுவரைதான். தொடாக் காஞ்சியில் பேய் வேறு, புண்ணோன் வேறு. ‘மிருதனில்’ இரண்டும் ஓருடல். நேற்றைய அண்டைவீட்டாரே இன்று கடிக்க வருகின்றனர். காப்பதா, கொல்வதா என்னும் முரணை இக்கதைக்கரு தானாகவே எழுப்புகிறது. படமோ அம்முரணை நாயகனுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, ஏனையோரைத் துப்பாக்கிக்கு இலக்காக்குகிறது. கூட்டமாகச் சுட்டு வீழ்த்தப்படுவோரைத் தேடி எந்த அண்ணனும் வருவதில்லை. அரிசில் கிழாரின் தலைவியோ, தன் கணவனின் புண்ணைக் காக்கத் தோழியையும் உடனழைக்கிறாள்.