மினுக்கும் பொலேரோவும் உப்புத் தண்ணீரும்

அண்ணனின் பொலேரோ தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். மேட் சாம்பல் நிறம், நான்கு சக்கரங்களுக்கு மேலும் புடைத்து நிற்கும் ஃபைபர் ஃபிளேர், முன்னால் புது பம்பர், பானெட்டில் காற்று வாங்குவதாகப் பாவனை காட்டும் ஒரு ஸ்கூப். (காற்று போக அதில் ஓட்டையே கிடையாது.) 2012 மாடல் வண்டி. மதுரையில் ஒரு பட்டறையில் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் கொடுத்து வேலை பார்த்து, இரண்டு வருடம் ஆகிறது. நயினார்கோவிலில் மிளகாய் வியாபாரம் செய்யும் என் மச்சானிடம் அதே வருடத்து வெள்ளை பொலேரோ நிற்கிறது. "மாப்ள, நம்ம வண்டியையும் இப்படி ஆக்கிருவமா? நீ ஒரு தடவ நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார். அண்ணனிடம் சாவியையும், மதுரையில் பழைய கார் வாங்கி விற்கும் நண்பரிடம் பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரையும் வாங்கிக்கொண்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நிறம் சீராக விழுந்திருக்கிறது. கதவுகளுக்கு இடையிலான சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம் இல்லை. பரமக்குடி சாலையில் ஓட்டிப் போனால் டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கொடுத்த காசில் ஒரு பங்கு அதற்குத்தானே? அறுபதைத் தாண்டியதும் பின்பக்க இடது ஃபிளேர் கடகடக்கிறது என்பது மட்டும் காதில் விழுந்தது.

மீட்டர் சொன்னது வேறு கதை. உள்ளங்கையில் அடங்கும் கருவி அது. இரும்புத் தகட்டின் மேல் வைத்தால், மேலே எத்தனை மைக்ரான் பூச்சு இருக்கிறது என்று காட்டும். கம்பெனியிலிருந்து வரும் கார்களில் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். அண்ணன் வண்டியின் பானெட்டில் 260. பழைய பெயின்ட்டை லேசாகத் தேய்த்து மேலே அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதில் தவறில்லை. பின்சக்கரத்துக்கு மேலே வைத்ததும் எண் ஆயிரத்தைத் தாண்டியது. அங்கே இருப்பது பெயின்ட் இல்லை, பட்டி. தகட்டைத் தட்டி நேராக்குவதற்குப் பதிலாகப் பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி, தேய்த்து, நிறம் பூசிவிட்டார்கள். மீட்டர் இல்லாதவர்கள் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார்க்கலாம். பட்டி கனமாக உள்ள இடத்தில் காந்தம் பிடிக்காது.

கதவுகளின் அடி விளிம்பில்தான் உண்மையான விவகாரம். சிறு சிறு கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே செம்பழுப்புத் துரு. இரண்டே வருடத்தில் இது எப்படி வந்தது? ஒன்று, கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற அடியில் விட்டிருக்கும் ஓட்டைகளைப் பட்டியும் பெயின்ட்டும் அடைத்துவிட்டன. இன்னொன்று, தண்ணீர். பட்டியைத் தேய்ப்பது வாட்டர் பேப்பரில். அதற்கு எந்தத் தண்ணீரைத் தொடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் தேய்த்து, காயவிட்டு, மேலே பிரைமர் அடித்தால் உப்பும் உள்ளேயே தங்கிவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும். பெயின்ட் படலம் வழியாகக்கூட மெதுவாக இழுக்கும். பட்டியும் ஈரத்தைக் குடிக்கும். துருவாக மாறிய இரும்பு முன்பிருந்ததைவிட அதிக இடம் கேட்பதால் மேலே உள்ள படலத்தைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. அண்ணன் வண்டியைத் தேய்த்த தண்ணீர் எது என்று இனிமேல் தெரியப்போவதில்லை. ஆனால் வீட்டில் வாரந்தோறும் கழுவுவது போர் தண்ணீரில்தான். கூரையெல்லாம் வெள்ளைத் திட்டு. சாதாரணப் பளபளப்புப் பெயின்ட் என்றால் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு எடுத்துவிடலாம். மேட் பெயின்ட்டைத் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மினுமினுத்து அசிங்கமாகிவிடும்.

ஃபிளேரைக் கழற்றிப் பார்க்க அண்ணன் சம்மதித்தது ஆச்சரியம்தான். ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்த நல்ல தகட்டில் வரிசையாக ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறார்கள். ஓட்டைகளின் விளிம்பில் பிரைமர் இல்லை. ஃபைபருக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரமண். அண்ணன் மாதம் ஒரு தடவையாவது விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு அரிச்சல்முனை போகிறவர். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அங்கே போகும் ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை 2017-இல் திறந்ததிலிருந்து சொந்த வண்டியிலேயே முனைவரை போய்விடலாம். இரண்டு பக்கமும் கடல், காற்றில் உப்புச்சாரல். அந்தச் சாரல் போய் உட்கார இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

இந்தக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்குப் பாம்பனே சாட்சி. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு ஆயுள் முழுக்கத் துருவோடு சண்டை. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்ஸேன் என்ற சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டன. நம் காருக்கு அப்படிப்பட்ட காப்பு ஒன்று தொழிற்சாலையிலேயே கிடைத்துவிடுகிறது. வண்டியின் உடலை முழுதாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, இடுக்கு சந்தெல்லாம் பூச்சு ஏற்றி, அதிக வெப்பத்தில் சுட்டு எடுக்கிறார்கள். எந்தப் பட்டறையாலும் அதைத் திருப்பிச் செய்ய முடியாது. "தகடுவரை சுரண்டிட்டுப் புதுசா அடிச்சுத் தர்றேன் சார்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், துருப்பிடிக்காத பாகங்களில் அதைச் செய்யவே விடாதீர்கள்.

சட்டம் பற்றிக் கொஞ்சம். அண்ணனின் ஆர்.சி.யில் நிறம் இன்னும் வெள்ளைதான். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். மச்சான் ஆசைப்பட்டது ராணுவப் பச்சை. அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. பம்பருக்கு முன்னால் இரும்புக் குழாய் கார்டு மாட்டுவதற்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் இடம் இருக்கிறது.

விற்கும்போது போட்ட காசு திரும்பி வராது. முழு பெயின்ட் அடித்த வண்டி என்றாலே வாங்க வருகிறவர் "எங்க மோதுச்சு?" என்றுதான் ஆரம்பிப்பார். கூடுதலாக மாட்டியதை இன்சூரன்ஸில் முன்கூட்டியே சொல்லாவிட்டால் கிளெய்மில் இழுபறி. சொல்லியிருந்தாலும் ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள்.

கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டுவதை இதோடு சேர்க்கக் கூடாது. அங்கே வெறும் சேஸிஸ் வந்து இறங்குகிறது. பாடி கட்டினால்தான் அது வண்டி, அதுதான் முதலாளிக்குச் சோறு போடுகிறது. காரில் பாடி ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதன்மேல் ஆசையைக் கட்டுகிறோம். ஆசைக்குக் காசு இருந்தால் கட்டலாம், தப்பில்லை. முதலீடு என்று மட்டும் சொல்லக் கூடாது.

மச்சானுக்கு நான் சொன்னது இதுதான்: ஃபிளேர், ஸ்கூப் வேண்டாம். நிறம் அதே வெள்ளை. கதவின் அடியிலும் கால் வைக்கும் படிக்குப் பின்னாலும் துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வெல்டிங் வைக்கட்டும். பட்டி மெல்லிசாக மட்டும். கடைசித் தேய்ப்புக்கும் கழுவலுக்கும் கேன் தண்ணீர் நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம். கதவின் அடி ஓட்டைகளை அடைக்காமல் உள்ளே மெழுகுப் பூச்சும், வண்டிக்கு அடியில் அண்டர்பாடி கோட்டிங்கும் அடிக்க வேண்டும். வெளியே ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பி.யு. பெயின்ட், பூத்தில் வைத்து அடிப்பவராகப் பார்க்க வேண்டும். (ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைக் கெடுக்கும், கர்சீப் கட்டிக்கொண்டு அடிக்கிற பட்டறை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.) பரமக்குடியில் விசாரித்ததில் எல்லாம் சேர்த்து எழுபதாயிரத்துக்குள் சொல்கிறார்கள். பெயின்ட் மீட்டரோடு நான் வந்து பார்த்த பிறகுதான் மீதிப் பணம் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

"பம்பர் மட்டுமாவது?" என்று மச்சான் இன்னும் விடவில்லை. அதை அப்புறம் பார்க்கலாம். மிளகாய் வரத்து ஓய்ந்ததும் வைகாசியில் வண்டியை இறக்கிவிட வேண்டும். ஆடி பிறந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டால், எந்தப் பெயின்ட்டிலும் பாதி புழுதிதான்.