பாட்டி சுட்ட வடையும் வாசலுக்கு வந்த பாணும்

சிறுவர் இலக்கியம் பற்றி நம்மிடையே நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் ஒரு குறைப்பட்டியலுடன் முடிந்துவிடுகின்றன. நூல்கள் போதா, படங்கள் மங்கல், விலை அதிகம். இவை நியாயமான குறைகளே. ஆயின், அந்நூல்களில் எத்தகைய மனிதர் நடமாடுகின்றனர், அவர்கள் என்ன தொழில் செய்கின்றனர், குழந்தை அவர்களை எந்த இடத்தில் நின்று பார்க்கிறது என்ற வினாவை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம். கொழும்பு மாநகரின் அண்மைக்கால அனுபவம் ஒன்று இவ்வினாவைத் தட்டிக்கழிக்க முடியாததாக்கியுள்ளது.

2020 மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொழும்பில் அது மே மாத இறுதிவரை நீடித்தது. பேரங்காடிகளின் கதவுகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. அவ்வேளையில் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளுக்கும் கொட்டாஞ்சேனையின் குறுக்குத் தெருக்களுக்கும் உணவு கொண்டுவந்தவர்கள் யார்? அனுமதிப் பத்திரத்துடன் சிறு லொறிகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் மரக்கறியும் மீனும் தேங்காயும் பாணும் ஏற்றிவந்த சிறு வியாபாரிகளே. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் கொட்டாஞ்சேனை உள்ளிட்ட வடகொழும்பின் பொலிஸ் பிரிவுகள் மீண்டும் அடைக்கப்பட்டபோதும் நிலைமை இதுவே.

இதனைப் புதுமை என்பது பொருந்தாது. தோளிற் காவுதடியுடன் வந்த மீன்காரரையும், தலையிற் கீரைக்கட்டுச் சுமந்து வந்த பெண்ணையும், கூடையில் இடியப்பம் கொண்டுவந்தவரையும் நம்முள் மூத்தோர் நன்கறிவர். பேரங்காடிகளும் அடுக்குமாடிகளும் பெருகப் பெருக இவர்கள் கண்மறைவாயினர். முற்றாக மறையாது நின்றவர், 'சூன் பாண்' என மக்கள் அழைக்கும் முச்சக்கர வண்டிப் பாண்காரர். பீத்தோவன் ஒரு பெண்ணின் பெயரால் ஆக்கிய பியானோ இசைத்துண்டு, இன்று இலங்கைக் குழந்தைகளுக்குப் பாணும் பணிசும் வருவதன் அறிவிப்பாகிவிட்டது. ஏனையோர் நெருக்கடியில் மீண்டு வந்தனர். நகரம் அவர்களை நம்பியே உண்டது.

இனி நமது சிறுவர் நூல்களைத் திறந்து பார்ப்போம். உணவு விற்றுப் பிழைக்கும் மனிதருள் நம் குழந்தை முதன்முதலில் சந்திப்பவர் யார்? ஐயமின்றி, வடை சுட்ட பாட்டியே. இக்கதையின் வேர் ஈசாப்பின் காகமும் நரியும் கதையில் உள்ளது. அங்கு காகத்தின் வாயிலிருக்கும் உணவை உழைத்து ஆக்கியவர் எவரும் கதையினுள் வந்து நிற்பதில்லை. தமிழ் மக்களோ அதை வடையாக்கினர். வடையைச் சுடுவதற்கு ஒரு பாட்டியையும் அடுப்பையும் மரநிழலையும் சேர்த்தனர். உணவுக்குப் பின்னால் ஓர் உழைப்பாளி உண்டு என்ற உண்மையை மக்கள் மனம் தானாகவே கண்டுகொண்ட இடம் அது. ஆனால் நூலாக்கியவர்களும் பாடமாக்கியவர்களும் அடுத்த பக்கத்திலேயே பாட்டியை மறந்துவிட்டனர். காகம் ஏமாந்தது, நரி வென்றது, புகழ்ச்சிக்கு மயங்காதே என்று நீதி முடிகிறது. பாட்டியின் நட்டம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று அவள் எத்தனை வடை விற்றாள், உழுந்துக்கும் எண்ணெய்க்கும் கொடுத்த காசு திரும்பியதா என்று எந்த நூல் கேட்டது? திருடியவர் இருவரின் சாமர்த்தியத்தை ஒப்பிட்டுப் பார்க்கவே நாம் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைப் பழக்கியிருக்கின்றோம்.

இது ஒரு கதையின் குறை மட்டுமன்று. நமது படப் புத்தகங்களில் வியாபாரி வருவதே குறைவு. வரும்போதும் 'நமக்கு உதவுவோர்' என்ற தலைப்பின் கீழ் சிரித்த முகத்துடன், கூடையுடன், ஒரு பக்கத்தில் நின்று மறைகிறார். அவருக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, மழை நாள் இல்லை. தமிழகத்திலிருந்து வரும் நூல்களில் நம் குழந்தை உண்ணும் பாணும் மரக்கறியும் அச்சொற்களாலேயே இடம்பெறுவதில்லை. தமிழக நூல்களை நாம் குறைகூறவில்லை. அழ. வள்ளியப்பா போன்றோரின் பணிக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். அவர்கள் தம் நாட்டுக் குழந்தைகளுக்கு எழுதினர். நம் நாட்டுக் குழந்தைகளுக்கு எழுதவேண்டியவர்கள் நாம்.

முன்மாதிரி இல்லை என்றும் சொல்லமுடியாது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பாடியபோது, கூழும் கொழுக்கட்டையும் எப்பொருள்களால் ஆகின்றன, யார் கை அவற்றை ஆக்குகின்றது என்பதையும் சேர்த்தே பாடினார். கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடியபோது, கறிக்கு வரும் காயைக் காவல்செய்து வளர்க்கவேண்டியிருப்பதைக் குழந்தைக்குக் காட்டினார். சிங்களத்தில் சிபில் வெத்தசிங்க (1927–2020) எழுதி வரைந்த 'குடைத் திருடன்' கதையில், நகரத்திற் குடை வாங்கிவரும் கிராமத்து மனிதரிடமிருந்து அது மீண்டும் மீண்டும் களவுபோகிறது. ஆயின் அக்கதை திருடனின் சாமர்த்தியத்தோடு நின்றுவிடவில்லை. இழந்தவர் தேடிப்போகிறார், கண்டடைகிறார், கடையும் வைக்கிறார். பொருளை இழந்த எளிய மனிதரே இறுதிவரை கதையின் நாயகர். நமது பாட்டிக்குக் கிடைக்காத நீதி இது.

இவ்விடத்தில் ஒரு முக்கியமான வேறுபாட்டை நாம் மறைக்கக்கூடாது. அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியிலிருந்து கயிற்றிற் கூடை இறக்கிக் கீரை வாங்கும் வீட்டுக் குழந்தைக்கு அவ்வியாபாரி ஒரு குரல். தோட்டக் குடியிருப்பின் ஒற்றை அறையிலிருந்து விடியுமுன் புறப்படும் வியாபாரியின் குழந்தைக்கு அவர் தகப்பன், அல்லது தாய். இவ்விரு குழந்தைகளும் ஒரே தமிழ்ப் பாடப் புத்தகத்தையே கையிலெடுக்கின்றனர். முதற் குழந்தைக்கு மட்டும் தன் வீட்டை அடையாளங் காட்டும் நூல், இரண்டாவது குழந்தைக்கு 'உன் வீடு எழுதத்தக்கதன்று' என்று சொல்லாமற் சொல்கிறது. 1945இல் வந்த இலவசக் கல்வி இருவருக்கும் வகுப்பறையைத் திறந்தது. புத்தகத்தின் பக்கங்கள் இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.

வாசல் என்பது கொழும்புத் தமிழருக்கு எளிய சொல்லுமன்று. 1983 யூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. 2007 யூன் 7ஆந் திகதி விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றி நகரிலிருந்து அகற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதிக்க நேர்ந்தது. கதவு தட்டப்படும் ஓசைக்கு அஞ்சி வாழ்ந்த வீடுகள் இவை. அதே கதவருகே, அரைகுறைத் தமிழில் விலை சொல்லும் சிங்கள மீன்காரரும், அரைகுறைச் சிங்களத்தில் பேரம்பேசும் தமிழ்த் தாயும், இரு மொழியும் அறிந்த முஸ்லிம் வியாபாரியும் நாள்தோறும் சந்திக்கின்றனர். இன ஒற்றுமை பற்றிச் சிறுவர் நூல்கள் கைகோத்து நிற்கும் பொம்மைகளையே வரைகின்றன. இச்சந்திப்பிலோ பேரம் உண்டு, கோபம் உண்டு, கடன் சொல்லி வாங்கும் நம்பிக்கையும் உண்டு. பொம்மைகளை விட இதுவே குழந்தைக்கு உண்மையைக் கற்பிக்கும்.

வியாபாரியைத் தியாகியாக்கிப் பாடவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நெருக்கடியில் விலையை ஏற்றியவர்களும் இருந்தனர். அவர்களது பாரமும் சிறிதன்று. 2022 யூலையில் எரிபொருள் பங்கீடு தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் மட்டுமே கிடைத்தது. அதைக் கொண்டு எத்தனை ஒழுங்கைகளுக்குப் பாண் கொண்டுசெல்ல முடியும்? கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. டொலர் இல்லாதபோது மாவும் வருவதில்லை. கடதாசியின் கதையும் அதுவே. அவ்வாண்டு மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் கடதாசி இன்மையாற் பிற்போடப்பட்டன. 2024 சனவரியில் 18 வீத வற் வரி புத்தகங்களையும் தொட்டது. பாணையும் புத்தகத்தையும் ஒரே கை இறுக்கியது. இத்தொடர்பை எட்டு வயதுக் குழந்தைக்கு விளங்கும் கதையாக்க முடியாதா? முடியும். 'இன்று ஏன் பாண்காரர் வரவில்லை?' என்று குழந்தை கேட்ட கேள்வியே அக்கதையின் முதல் வரி.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் செய்யக்கூடியது யாது? வகுப்பறையிற் பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லும்போது, பாட்டி வீடு திரும்பிய பின் என்ன நடந்தது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். தம் வாசலுக்கு வரும் ஒருவரின் பெயரையும் ஊரையும், விழித்தெழும் நேரத்தையும் கேட்டுவரச் சொல்லலாம். வியாபாரம் செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் அன்று வகுப்பில் அறிந்தவர்களாய் எழுந்து பேசுவர். அவ்வாறு திரளும் எழுத்தே நாளைய சிறுவர் நூலுக்கு மூலப்பொருள்.

அந்நூல் கடை அலுமாரியில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா இதழைத் தாமே கையிற் சுமந்து சென்று வாசகரிடம் சேர்த்தார். பாண் வரும் வாசலுக்குப் புத்தகமும் வரட்டும். அதைத் திறக்கும் குழந்தை, பாண் கொண்டுவந்தவரையும் அதன் பக்கங்களிற் காணட்டும்.