கரகரப்பைக் கேட்கத் தெரிந்த காது

ஆடி பிறந்துவிட்டால் படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் கூட்டம் அலைமோதும். சுற்றுவட்டார அம்மன் கோயில்களில் பகலில் கூழ் வார்ப்பார்கள், இரவில் இன்னிசைக் கச்சேரி நடக்கும். மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வே இருக்காது, அவர்களுடைய கிட்டார்களுக்கும்தான். திறந்த மேடையின் தூசி, வேன் குலுக்கல், வாசிப்பவரின் வியர்வை எல்லாம் சேர்ந்து வால்யூம் கன்ட்ரோலைப் பதம் பார்த்துவிடும். குமிழைத் திருகினால் ஸ்பீக்கரில் ‘கர்ர்ர்’ என்று கேட்கும்.

இதைச் சரிசெய்வதைச் சில்லறை வேலை என்பார்கள். நல்ல மெக்கானிக் ஒருவர் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எடுத்த எடுப்பில் சால்டரிங் அயர்னைத் தொடமாட்டார். கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, குமிழை மெல்லத் திருகிக் காதைக் கொடுப்பார். திருகும் வழியெல்லாம் கரகரத்தால் உள்ளே அழுக்கு. ஒரே இடத்தில் மட்டும் சத்தம் வெட்டினால் கன்ட்ரோலுக்குள் இருக்கும் கார்பன் தடம் அங்கே தேய்ந்திருக்கிறது. குமிழைத் தொடாமல் ஒயரை அசைத்தாலே சத்தம் விட்டுவிட்டு வந்தால் ட்ரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்று, இல்லாவிட்டால் ஜாக்கில் லூஸ் கான்டாக்ட். பாதி வேலை இந்தக் கேட்பிலேயே முடிந்துவிடுகிறது.

அழுக்குதான் என்றால் கான்டாக்ட் கிளீனர் போதும். கன்ட்ரோலின் கால்களுக்கு மேலே இருக்கும் சிறு இடுக்கில் கொஞ்சம் அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருக வேண்டும். கார்பன் தடத்தின்மேல் ஊரும் உலோக நாக்கு தானே அழுக்கை வழித்துவிடும். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெயை இதில் விடுகிறவர்களை என்ன சொல்ல? ஒரு வாரம் சும்மா இருக்கும், பிறகு இன்னும் அதிகமாகத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

தடமே தேய்ந்திருந்தால் கன்ட்ரோலை மாற்றத்தான் வேண்டும். சிங்கிள் காயில் பிக்கப்புக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. அதைவிட முக்கியம் அதன் முதுகில் அச்சிட்ட எழுத்து. ‘பி’ என்றால் மின்தடை சீராக மாறும். ஆனால் நம் காது அப்படிச் சீராகக் கணக்குப் போடுவதில்லை. பாதி திருகினாலும் சத்தம் அவ்வளவாகக் குறைந்ததாகத் தெரியாது, கடைசியில் சட்டென்று விழும். ‘ஏ’ வகையில் நடுவில் மின்தடை சுமார் 10 முதல் 15 சதவீதமே இருக்கும், அதனால் சத்தம் காதுக்குப் படிப்படியாக இறங்கும்.

இனிதான் எனக்குப் பிடித்த கட்டம். எர்த் ஒயரை கன்ட்ரோலின் உலோக முதுகில் பற்றவைக்க வேண்டும். முதலில் அந்த இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, ஃபிளக்ஸ் தடவுவார். பிறகு நன்றாகச் சூடேறிய தடித்த முனையை வைத்து எடுப்பார், மூன்று நான்கு விநாடிதான். ஈயம் உருகிப் பரவி, மினுங்கிக்கொண்டே இறுகும். சின்ன முனையால் நெடுநேரம் சுட்டால் சூடு உள்ளே போய்ப் புதுத் தடத்தையே கெடுத்துவிடும். பாவில் அறுந்த ஓர் இழையை மற்ற இழைகள் அசையாமல் இணைக்கும் ஆரணி நெசவாளியின் விரலுக்கு உள்ள நிதானம் இது.

இவ்வளவும் எதற்கு? சினிமாப் பாட்டில் சின்னக் கரகரப்பு டிரம்ஸுக்குள் அமுங்கிவிடும். ஆனால் சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றவர்கள் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசையைக் கொண்டுவந்தார்கள். ஒரே மீட்டில் நாலைந்து ஸ்வரங்களை இழுக்கும் ஆலாபனையில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வால்யூம் குமிழ் சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மீட்டிய பிறகு குமிழைத் திறந்தால் மீட்டிய ஒலி மறைந்து, வயலின் வில் இழுத்ததுபோல நாதம் மட்டும் எழும். குமிழும் வாத்தியத்தில் வாசிக்கிற பாகம்தான்.

எனவே பழுதுபார்க்கக் கொடுக்கும்போது ‘ஏ’யா ‘பி’யா என்று கேளுங்கள். தெரிந்து பதில் சொல்கிறவரிடம் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள்.