கூற்றும் முன்னமும்: சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்களில் கதைசொல்லியின் குரல்

திறவுச்சொற்கள்: கதைசொல்லி, கூற்று, கேட்போர், முன்னம், நாவல்

முன்னுரை

தமிழ்ப் புனைகதை ஆய்வேடுகளில் ‘மொழிநடை’ என்னும் இயல் பெரும்பாலும் வட்டாரச் சொற்கள், பழமொழிகள், உவமைகள் ஆகியவற்றின் பட்டியலாக அமைகிறது. இப்பட்டியல் கதை நிகழும் ஊரை அடையாளம் காட்டுகிறது. கதையைச் சொல்பவர் எத்தகையவர் என்பதை உணர்த்துவதில்லை. ஒரே ஊரில் ஒரே வழக்கைப் பேசும் இருவர் ஒரு நிகழ்ச்சியை இருவேறு விதமாகச் சொல்லக்கூடும். அவ்வேறுபாட்டை ஆராயத் தமிழில் பழைய கருவிகள் உள்ளன. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், முன்னம் ஆகியவையும் அடங்கும். இடமும் காலமும் நோக்கி, இன்னார் இன்னாரிடம் இதனைக் கூறுதல் தகும் என உய்த்துணர வைப்பது முன்னம். செய்யுளுக்குரிய இவ்வுறுப்புகளைச் சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்களுக்குப் பொருத்தி, கதைசொல்லியின் குரல் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கேட்டவன் கூற்று

‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) நாவலின் முற்பகுதியில் கதைசொல்லி பெரும்பாலும் கேட்போனாகவே இருக்கிறான். குளம் தூர்ந்த கதையையும் செல்லத்தாயின் கதையையும் தாமோதர ஆசான் சொல்ல, இளைஞர்கள் சூழ்ந்திருந்து கேட்கின்றனர். ஆசானின் கூற்றுக்குச் சான்று தேவைப்படுவதில்லை. கேட்போரின் ஆவலே அதற்குப் போதுமானது. எனவே அக்குரல் நிறுத்தியும் நீட்டியும் மிகைப்படுத்தியும் செல்கிறது. ஆசான் கதையிலிருந்து விலகிய பின், காற்றாடித் தோப்பு அழிந்து பூங்காவாவதையும், வணிகப் போட்டியையும், நகராட்சித் தேர்தலையும், மரத்தின் முடிவையும் கதைசொல்லியே பொறுப்பேற்றுச் சொல்ல நேர்கிறது. இங்கே வாய்மொழியின் வியப்பு மறைந்து, செய்தியறிக்கையின் தொனியும் அங்கதமும் இடம்பெறுகின்றன. ஊர் மாறவில்லை; வட்டார வழக்கும் மாறவில்லை. சொல்பவனுக்கும் செய்திக்கும் இடையிலான தொலைவு மாறியுள்ளது. வாய்மொழி மரபு நகர வணிகத்துக்கு வழிவிடும் வரலாறு குரலின் மாற்றத்திலேயே பதிவாகியிருக்கிறது.

படித்தவன் கூற்று

‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) நாவலில் சொல்பவன் பாலு என்னும் தமிழ் எழுத்தாளன், அவனது பொருள் ஜோசப் ஜேம்ஸ் என்னும் கற்பனை மலையாள எழுத்தாளன். ஜே.ஜே. தனது 39ஆம் வயதில் 1960 ஜனவரி 5 அன்று, ஆல்பெர் காம்யு இறந்த மறுநாள், இறந்ததாக நாவல் கூறுகிறது. கற்பனை மனிதனை உண்மையான ஒரு மரணத்தின் அருகில் நிறுத்தும் இத்தேதி, சொல்பவனை ஆவணம் தொகுப்பவனாக நிறுவுகிறது. அவனுடைய கேட்போர் இலக்கிய வாசகர்கள். அதனால் வாக்கியங்கள் நிகழ்ச்சியைவிட வாதத்தை நோக்கி நகர்கின்றன.

நாவலின் பிற்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. நாட்குறிப்பின் கேட்போன் அதை எழுதியவனே. ஆகவே முன்னம் முற்றிலும் வேறாதல் வேண்டும். ஆயினும், பாலுவின் குறிப்புகளிலும் ஜே.ஜே.யின் நாட்குறிப்பிலும் சூத்திரம் போன்ற முடிவுரைகளும் எள்ளலும் ஏறத்தாழ ஒரே அடர்த்தியில் அமைந்துள்ளன. ஆசானின் குரலில் தோய்ந்த மாணவனின் குரல் இவ்வாறுதான் ஒலிக்கும் என வாதிடலாம். அவ்வாதத்தை ஏற்கவேண்டுமெனில், பாலு தன் குரலை மீட்டுக்கொள்ளும் இடங்களைப் பிரதி தெளிவாகக் காட்டியிருத்தல் வேண்டும். அத்தகைய இடங்கள் குறைவாகவே உள்ளன. எனவே இந்நாவலில் குரல் வேறுபாடு பாதியளவே கைகூடியுள்ளது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு.

பார்ப்பவன் கூற்றின்மை

‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998) 1937–39 காலத்துக் கோட்டயத்தில் நிகழ்கிறது. இதிலும் பாலு என்னும் பாத்திரம் உண்டு. ஆனால் அவன் சிறுவன், ‘நான்’ என்று கதை சொல்லாதவன். படர்க்கையில் இயங்கும் எடுத்துரைப்பு ஒருவர் மனத்திலிருந்து மற்றொருவர் மனத்துக்கு மாறிச் செல்கிறது. சிறுவனை அணுகும்போது அவன் அறியாததை எடுத்துரைப்பாளர் விளக்குவதைப் பெரிதும் தவிர்க்கிறார். தந்தையின் சினத்துக்குக் காரணம் தெரிவதற்கு முன்பே அதன் அச்சம் வாசகரை எட்டிவிடுகிறது. முந்தைய நாவல்களின் அங்கதம் இங்கே தணிந்திருப்பது, எழுத்தாளரின் முதுமையினால் விளைந்ததன்று. சிறுவனின் அறியாமைக்கு அளிக்கப்பட்ட இடத்தினால் விளைந்தது.

முடிவுரை

மூன்று நாவல்களிலும் ஆசிரியரின் நடையை இனங்காண இயலும். ஆயினும் நடை ஆசிரியருக்குரியது, குரல் சொல்பவனுக்குரியது. இவ்வேறுபாட்டைப் புறக்கணிப்பதன் விளைவு சிறியதன்று. பாலுவின் கருத்தும் ஜே.ஜே.யின் கருத்தும் சுந்தர ராமசாமியின் இலக்கியக் கோட்பாடாக ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டப்படுகின்றன. இக்கட்டுரையாளரின் முதுகலை ஆய்வேடும் அப்பிழைக்கு விலக்கன்று. பாத்திரத்தின் வழிபாட்டு மனநிலையை ஆசிரியரின் தீர்ப்பாகக் கொள்ளும்போது, நாவல் அவ்வழிபாட்டின்மீது எழுப்பும் ஐயம் நம் பார்வைக்கு அகப்படாமல் போகிறது. வட்டாரச் சொற்பட்டியலுக்கு முன்னர், ‘யார், யாரிடம், எதை எவ்வாறு அறிந்து சொல்கிறார்?’ என்னும் வினாவை எழுப்புவது மொழிநடை ஆய்வின் முதற்படியாதல் வேண்டும்.