பழி ஓரிடம்: கல்வராயன் மலையின் பொதுப்பெயரை ஆக்கும் அரசியலும் துப்பாக்கியும் ஊடகமும்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஊரின் பெயர் பொதுவெளியில் நல்லதாகவோ கெட்டதாகவோ நிலைபெறுவதற்கு அங்கு நிகழ்வன மட்டும் காரணமல்ல; நிகழ்ந்தவற்றைக் கூறும் சொற்களும் காரணமாகின்றன. கள்ளக்குறிச்சி நகரில் 2024 ஜூனில் நேர்ந்த விஷச்சாராய மரணங்களுக்குப் பின் கல்வராயன் மலை பெற்ற பெயரை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. சாராயம், நாட்டுத் துப்பாக்கி ஆகிய இரண்டையும் செய்தி மொழி கையாளும் முறை, அம்மொழியை அரசியல் பயன்படுத்தும் விதம், அதனால் மலைவாழ் மக்கள் மீது சுமத்தப்படும் பழி ஆகியவை இங்கு ஆராயப்பெறுகின்றன.

குறிச்சொற்கள்: கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி, நாட்டுத் துப்பாக்கி, விஷச்சாராயம், செய்தி மொழி, மலையாளிப் பழங்குடியினர்.

முன்னுரை

மதுரை மல்லி, பண்ருட்டிப் பலா, சேலத்து மாம்பழம் எனத் தமிழில் ஊர்ப்பெயர் ஒரு பொருளுக்கு முன்னால் அடையாக வரும்போது அது பெரும்பாலும் சிறப்பையே குறிக்கும். பொருளின் தரத்துக்கு ஊர் உறுதி கூறுகிறது. ஊரின் பெயரைப் பொருள் பரப்புகிறது. கல்வராயன் மலைக்கும் இவ்வாறு சொல்லத்தக்க பொருள்கள் உண்டு. கடுக்காய், தேன், சாமை, மரவள்ளி ஆகியவை அங்கிருந்து சமவெளிச் சந்தைகளுக்கு வருகின்றன. ஆயினும் நாளிதழ் வாசகரின் நினைவில் அம்மலையின் பெயரை ஒட்டி முதலில் எழுவன இரண்டே பொருள்கள்: சாராயம், நாட்டுத் துப்பாக்கி.

இவ்விரண்டும் அங்கு இல்லை என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மலையில் சாராயம் காய்ச்சப்பட்டதும், உரிமமற்ற துப்பாக்கிகள் கைப்பற்றப்பட்டதும் உண்மை. அவ்வுண்மையிலிருந்து ஒரு மக்கள் கூட்டத்தின் முழுப் பெயரும் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. ‘பழி ஓரிடம் பாவம் ஓரிடம்’ என்னும் வழக்கு 2024க்குப் பின் கல்வராயன் மலைக்கு மிகப் பொருந்துகிறது.

மலையும் அதன் காலதாமதமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாக வழங்கப்படுகிறது. கள்ளக்குறிச்சி, சேலம் ஆகிய மாவட்டங்களில் அது பரவிக் கிடக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று செயற்பாட்டுக்கு வந்தது. மலையின் மக்களுள் பெரும்பான்மையோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள்.

இம்மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் எனப்பெற்ற மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும் ஜாகீர் முறை அங்கு நீடித்தது. 1976இல்தான் மலை முழுமையாக அரசின் நேரடி நிருவாகத்துக்குள் வந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் சமவெளியைக் காட்டிலும் பிந்தியே வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். அரசு பிந்தி வந்த இடத்தில் அரசின் சட்டமும் பிந்தியே வந்தது. இவ்வரலாற்றைக் கூறாமல் ‘சட்டத்துக்குக் கட்டுப்படாத மலை’ என்று எழுதுவது, தாமதமாக வந்தவர் காத்திருந்தவரைக் குறை கூறுவதற்கு ஒப்பாகும்.

‘நாட்டு’, ‘கள்ள’: இரண்டு அடைமொழிகள்

செய்தி மொழியில் இம்மலையோடு தொடர்புறும் சொற்களுள் இரண்டு அடைமொழிகள் கருதத்தக்கவை. ஒன்று ‘நாட்டு’, மற்றொன்று ‘கள்ள’. நாட்டுக்கோழி, நாட்டு மருந்து, நாட்டுச் சர்க்கரை என்பவற்றில் ‘நாட்டு’ என்பது மண்ணுக்குரியது, கலப்பற்றது என்னும் நற்பொருளைத் தருகிறது. நாட்டுச் சாராயம், நாட்டுத் துப்பாக்கி, நாட்டு வெடிகுண்டு என்பவற்றிலோ அதே அடை, தொழிற்சாலையில் செய்யப்படாதது, ஆகவே உரிமமற்றது, ஆகவே குற்றத்துக்குரியது என்னும் பொருளை ஏற்கிறது. ‘கள்ள’ என்னும் அடைக்கு இத்தகைய இருமை இல்லை. கள்ளச்சாராயம், கள்ளத் துப்பாக்கி என்னும்போது பொருள் விளங்குமுன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது.

2024இல் இத்தீர்ப்புக்கு மோனையும் துணை நின்றது. ‘கள்ளக்குறிச்சி’, ‘கள்ளச்சாராயம்’ என்னும் இரு சொற்களின் ஒலியொப்புமை செய்தித் தலைப்புக்கும் மேடைப் பேச்சுக்கும் எளிதில் வாய்த்தது. ஊர்ப்பெயரே குற்றத்தை முன்னறிவிப்பது போன்ற தோற்றம் அதனால் உண்டாயிற்று. ஆனால் அப்பெயரின் பின்பகுதியான ‘குறிச்சி’ என்பது அகப்பொருள் மரபில் குறிஞ்சி நிலத்து ஊரைக் குறிக்கும் சொல்லாகும். சமவெளியில் நிற்கும் அந்நகரம் மலையின் சொல்லைத் தன் பெயரில் தாங்கி நிற்கிறது. அப்பொருள் மறைந்து ஓசை மட்டும் எஞ்சியது.

‘கள்ளச்சாராயம்’, ‘விஷச்சாராயம்’ என்னும் சொற்களுக்கு இடையிலான வேறுபாடும் சிறியதன்று. முன்னது சட்டத்தை மீறிய பொருளைக் குறிக்கும். பின்னது உயிரைக் கொல்லும் பொருளைக் குறிக்கும். முதற்சொல் காய்ச்சியவரைத் தேடச் சொல்கிறது. இரண்டாம் சொல் நஞ்சு வந்த வழியைத் தேடச் சொல்கிறது. எச்சொல்லைத் தேர்கிறோம் என்பதில் தேடலின் திசையும் அடங்கியிருக்கிறது.

நஞ்சின் வழியும் பழியின் வழியும்

2024 ஜூன் 18 அன்று கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் மாதவச்சேரி, சேஷசமுத்திரம் ஆகிய ஊர்களிலும் விற்கப்பட்ட சாராயத்தைக் குடித்தவர்களுள் 65க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதில் கலந்திருந்தது மெத்தனால். இது தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் பயன்படும் வேதிப்பொருள். வெல்லமும் மரப்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சும் மலை அடுப்பில் இக்கொலை அளவில் அது உருவாவதில்லை; வணிகச் சங்கிலி ஒன்றின் வழியாகவே அது சாராய விற்பனையாளர் கைக்கு வருகிறது. கருணாபுரமோ மலையில் இல்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் அருகில் இருக்கும் நகரப் பகுதி அது.

இதற்கு ஓராண்டுக்கு முன், 2023 மே மாதம், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர் இதே மெத்தனாலால் மாண்டனர். எக்கியார்குப்பம் கடலோர மீனவ ஊர். அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயமன்று, ஆலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால் என்று காவல்துறைத் தலைமையே அப்போது அறிவித்தது. மலை இல்லாத இடத்திலும் அதே நஞ்சு அதே முறையில் கொன்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அவ்வாறிருந்தும் 2024 ஜூனுக்குப் பின் தேடுதல் வேட்டையும் ஒளிப்படக் கருவிகளும் பெருமளவில் கல்வராயன் மலையை நோக்கியே திரும்பின. ஊறல் பானைகள் கவிழ்க்கப்படும் காட்சி தொலைக்காட்சிக்கு ஏற்றது. வேதிப்பொருள் விற்பனைக் கணக்கேடு காட்சிக்கு ஏற்றதன்று. நஞ்சு ஒரு வழியில் வந்தது. பழி வேறு வழியில் ஏறிச் சென்றது.

நாட்டுத் துப்பாக்கி: கருவியும் குறியீடும்

சாராயத்துக்கு நேர்ந்ததே துப்பாக்கிக்கும் நேர்கிறது. மலையூர்களில் கைப்பற்றப்படுவன பெரும்பாலும் குழல்வாயில் மருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் திணித்துக் கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கிகள். ஒருமுறை சுட்டபின் மீண்டும் கெட்டிப்பதற்கு நேரம் பிடிக்கும். காட்டுப்பன்றியிடமிருந்து மரவள்ளியையும் சாமையையும் காப்பதற்கும் வேட்டைக்கும் பயன்பட்ட கருவி இது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவே, பயிர்க்காப்புக்கெனக் குழல்வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம் என்பதை ஏற்கிறது. பின்னர் வந்த 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. ஒரு தலைமுறையின் வேளாண் கருவி அடுத்த தலைமுறையின் குற்றச் சான்றாயிற்று.

இதனால் இத்துப்பாக்கி தீங்கற்றது என்று முடிவு செய்தல் பிழை. விலங்கெனக் கருதி மனிதரைச் சுட்டுவிடுவதும், குடிவெறியிலும் நிலத்தகராற்றிலும் அதைத் தூக்குவதும் மலையூர்களில் நேர்ந்துள்ளன. உரிமமற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு காவல்துறை விடுக்கும் அழைப்புகள் தேவையானவையே. ஆனால் செய்தி மொழி இத்துப்பாக்கியைப் ‘பறிமுதல்’ என்னும் சொல்லோடு மட்டுமே அறிமுகப்படுத்துகிறது. பயிர், பன்றி, உரிமம், இழப்பீடு ஆகிய சொற்கள் அதனருகில் வருவதில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு வகுத்த கொள்கையும் காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடுவதையே அனுமதிக்கிறது. காட்டை ஒட்டியும் காட்டுக்குள்ளும் அமைந்த ஊர்களுக்கு இதனால் பெரும்பயன் இல்லை. இக்குறை செய்தியாவது அரிது; துப்பாக்கி செய்தியாவது எளிது.

எல்லைக்கு அப்பால் ஒரு துப்பாக்கி

இம்மலை மக்களின் மீது நீளும் மற்றொரு துப்பாக்கி உண்டு. அது அரசின் துப்பாக்கி. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றவர்கள் எனக் கூறப்பட்ட 20 தமிழர்கள் அம்மாநிலச் சிறப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையூர்களைச் சார்ந்தவர்கள். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐவரின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர்கள் சேலம் மாவட்டக் கல்வராயன் மலையூர்களிலிருந்து சென்றவர்கள்.

இந்நிகழ்வுகள் குறித்த மொழியில் ஒரு முரண் தெரிகிறது. ஆந்திரக் காவல்துறையின் கூற்றில் அவர்கள் ‘கடத்தல்காரர்கள்’. தமிழகத் தலைவர்களின் அறிக்கைகளில் ‘அப்பாவித் தமிழர்கள்’, ‘கூலித் தொழிலாளர்கள்’. அதே மலையைச் சார்ந்தவர் தமிழக எல்லைக்குள் சாராய வழக்கிலோ துப்பாக்கி வழக்கிலோ பிடிபடும்போது ‘கும்பல்’ ஆகிறார். எல்லைக்கு அப்பால் சுடப்படும்போது தமிழராகவும், எல்லைக்குள் பிடிபடும்போது மலையின் ஆளாகவும் அவர் அறியப்படுகிறார். மாநிலத்தின் மானம் அவரது பிணத்துக்கு உண்டு. உயிரோடிருந்த அவரது பிழைப்புக்கு இல்லை. செம்மரம் வெட்டச் செல்வதற்கும் சாராயம் காய்ச்சுவதற்கும் பின்னிருக்கும் வேலையின்மை ஒன்றே என்பதை இருவகைச் செய்திகளும் சேர்த்துக் காண்பதில்லை.

அரசியலின் பங்கு

2024இன் முதல் இறப்புகள் வெளியானபோது சாராயமே காரணம் என்பதை மாவட்ட நிருவாகம் மறுத்தது. பின்னர் மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார்; காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. சட்டப்பேரவையில் கருப்புடை அணிந்து போராடிய அ.தி.மு.க. உறுப்பினர்கள் கூட்டத்தொடர் முழுவதும் நீக்கப்பட்டனர். ஜூன் இறுதியில் மதுவிலக்குச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

இந்நிரலில் எதிர்க்கட்சிகளுக்குக் ‘கள்ளக்குறிச்சி’ என்பது ஆட்சியின் தோல்வியைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லாயிற்று. ஆட்சிக்கு அது விரைந்து கடக்க வேண்டிய பெயராயிற்று. கல்வியிலும் தொழிலிலும் முன்னணி மாநிலம் என்னும் தமிழகத்தின் பொதுப்பெயருக்கு நேர்ந்த களங்கமாகவே இருதரப்பும் இதைப் பேசின. மாநிலத்தின் பெயரைக் காக்க வேண்டுமெனில் குற்றத்துக்கு ஓர் எல்லை வகுக்க வேண்டும். தொலைவில் ஒரு மலை இருப்பது அதற்கு வசதியாகிறது.

எனினும் இப்பழியால் விளைந்த ஒன்றையும் இங்கு மறைத்தல் ஆகாது. விஷச்சாராய நிகழ்வை அடுத்தே, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் குறித்து அரசை வினவியது. கெட்ட பெயர் ஏற்பட்ட பின்னரே மலையின் குறை செவியேறியது என்பது ஆறுதலும் வேதனையும் கலந்த செய்தி.

பிற மாநிலங்களின் ஒப்புமை

துப்பாக்கியால் ஓரிடத்தின் பெயர் எழுதப்படுதல் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. ‘மிர்சாபூர்’ இணையத் தொடர் 2018இல் வெளியான பின், தம் தொகுதி வன்முறை ஊராகக் காட்டப்படுகிறது என அதன் மக்களவை உறுப்பினர் அனுப்பிரியா படேல் 2020இல் வெளிப்படையாகக் கண்டித்தார். பஞ்சாபில் துப்பாக்கியைப் போற்றும் பாடல்களுக்கு 2022 நவம்பரில் அம்மாநில அரசு தடை விதித்தது. முன்னதில் புனைவும் பின்னதில் பாடலும் பெயரை ஆக்கின. மிர்சாபூருக்காகப் பேச மக்களவை உறுப்பினர் ஒருவர் முன்வந்தார். பஞ்சாபின் பெயரைக் காக்க அரசே இறங்கியது. கல்வராயன் மலையின் பெயரை ஆக்குவது அன்றாடச் செய்தி. புனைவை மறுக்கலாம், உண்மை நிகழ்விலிருந்து பிறக்கும் அரைகுறைச் சித்திரத்தை மறுப்பது கடினம்.

முடிவுரை

கல்வராயன் மலையின் பொதுப்பெயர் அங்கு நிகழும் குற்றங்களின் நேர்ப்பிரதியன்று என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. ‘கள்ள’ என்னும் அடைமொழி பொருளிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து மலைக்கும், மலையிலிருந்து மக்களுக்கும் நகர்கிறது. நாட்டுத் துப்பாக்கி அதன் வேளாண் வரலாற்றிலிருந்து பிரிக்கப்பட்டுக் குறியீடாக்கப்படுகிறது. மாநிலத்தின் நற்பெயரைக் காக்கும் அரசியல் இப்பெயர்ச்சிக்கு இடந்தருகிறது.

இதற்கான மாற்று செய்தியை மறைப்பதில் இல்லை. முழுமையாகச் சொல்வதில் இருக்கிறது. நஞ்சு எங்கிருந்து வந்தது, துப்பாக்கி எதற்காக இருந்தது, அதைக் கைவிட்டவரின் பயிருக்கு யார் காவல் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறும் செய்தி, குற்றத்தையும் மறைக்காது. குற்றமற்றவர் மீது பழியையும் ஏற்றாது. கச்சிராயபாளையத்தில் மலையேறும் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவர், தம் ஊரைக் கேட்பவரிடம் வெள்ளிமலை என்று தயக்கமின்றிச் சொல்ல முடிகிறதா என்பதே அச்செய்தி மொழியை அளக்கும் கோல்.