எள்ளலும் மருட்கையும்: ‘கலை அரசி’ திரைப்படமும் அதனைக் கண்டோரும்

நகைப்பு எளிதிற் பிறப்பது. ஆயின், அஃது எதனாற் பிறந்தது என்று சொல்லுதல் எளிதன்று. ஒரே காட்சியைக் கண்டு ஒருவர் நகைக்க, அருகிருந்த மற்றொருவர் நகையாதிருப்பின், நகைப்புக்குரியது காட்சியில் உள்ளதா, காண்பவரிடத்து உள்ளதா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவை யான் நூலிலிருந்து பெற்றேனல்லேன். வெள்ளவத்தையில் உறவினர் இல்லம் ஒன்றில், விடுமுறை நாளொன்றின் மாலைப்பொழுதில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தபோது அஃது என்னை வந்து பற்றியது.

அன்று அங்கு ஓடிய படம் ‘கலை அரசி’. பல்கலைக்கழகம் புகக் காத்திருந்த இளைஞர் சிலர், சிரிப்பதற்கென்றே அதனைத் தேர்ந்திருந்தனர். எம். ஜி. இராமச்சந்திரன் வேற்றுக் கிரகத்தில் எடையிழந்து மிதந்து தடுமாறும் காட்சி வந்தபோது அவர்கள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தனர். அதனை மீண்டும் போடச்செய்து மீண்டும் சிரித்தனர். கொட்டாஞ்சேனையிற் பிறந்து வளர்ந்தவரும் எண்பது அகவையைத் தொட்டவருமான அவ்வீட்டுப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் பேரனை நோக்கி, “நீங்கள் சிரிக்கிறியள், தம்பி. நாங்கள் அண்டைக்குக் கலரியிலை வாய் திறந்தபடி இருந்தனாங்கள்” என்றார். “அதை நினைச்சால் இன்னும் சிரிப்பு வருகுது, அப்பப்பா” என்றான் பேரன். இவ்விரு கூற்றுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் படத்தைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். ‘கலை அரசி’ 1963 ஆம் ஆண்டு ஏப்பிரல் 19 ஆந் திகதி வெளிவந்தது. ஏ. காசிலிங்கம் இயக்கியது, கே. வி. மகாதேவன் இசையமைத்தது. வேற்றுக் கிரகமொன்றின் மக்கள் அறிவியலில் மிக உயர்ந்தவர்கள்; ஆயின் கலையில் வறியவர்கள். அக்குறையை நிரப்புதற்கு அவர்கள் பூமிக்கு வந்து, வாணி என்னும் பாடகியைக் கவர்ந்து செல்கின்றனர். வாணியாகப் பானுமதியும், கவர்ந்து செல்லும் கிரகவாசியாக நம்பியாரும், அவளை மீட்கச் செல்லும் காதலன் மோகனாக எம். ஜி. ஆரும் நடித்தனர். அங்குள்ள கோமாளி ஒருவன் மோகனின் உருவத்தை ஒத்தவனாதலால் ஆள்மாறாட்டம் நிகழ்கின்றது. பூமியிலோ, வாணியை ஒத்த வள்ளி என்பாள் ஒருத்தி உண்டு. இவ்வாறு இரட்டை வேடம் இரு உலகிலும் நடைபெறுகின்றது. அறிவியற் கற்பனையைக் கருவாகக் கொண்ட இந்தியப் படங்களுள் இது மிக முற்பட்டவற்றுள் ஒன்று. 2018 இல் வெளிவந்த ‘டிக் டிக் டிக்’ இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என விளம்பரப்படுத்தப்பட்டபோது, ஐம்பத்தைந்து ஆண்டுகட்கு முன்னரே தமிழ்க் கதாநாயகன் ஒருவன் விண்ணில் மிதந்துவிட்டான் என்பதைப் பலரும் மறந்திருந்தனர்.

இனி, அன்று கண்டோர் வாய் திறந்தபடி இருந்தமைக்குக் காரணம் யாது? அவர்கள் அறியாமையுடையர் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயின் காலத்தை நோக்குக. யூரி ககாரின் விண்ணிற் சென்று பூமியைச் சுற்றியது 1961 ஏப்பிரல் 12 இல். அவ்வாண்டு டிசெம்பரிலேயே அவர் இலங்கைக்கு வந்தார். விண்வெளி சென்ற முதல் மனிதன் நம் மண்ணில் நடமாடிய செய்தியைப் படித்தவர்களே பதினாறு திங்கள் கழித்து இப்படம் வெளிவந்த காலத்து இரசிகர்கள். விண்வெளி சென்ற முதற்பெண் வலன்தீனா தெரெஷ்கோவா பயணம் செய்தது 1963 யூன் 16 இல். பானுமதி வேற்றுக் கிரகம் சென்று இரு திங்கள் நிறையவில்லை. அலெக்சி லியோனோவ் கலத்தைவிட்டு வெளியே வந்து வெறுவெளியில் மிதந்தது 1965 மார்ச்சு 18 இல். ஆகவே மோகன் மிதந்தபோது, அவ்வாறு வெளியில் மிதந்த மனிதன் ஒருவனேனும் இருந்திலன். மெய்யாக மிதப்பவன் எவ்வாறு தோன்றுவான் என்பதை அறிந்து, அதனோடு ஒப்புநோக்கி நகைப்பதற்குரிய அளவுகோல் அன்று எவர் கையிலும் இல்லை. நம் இளைஞர் கையில் உள்ளது; அஃது அவர்கள் தேடியதன்று, பின்னர்ப் பிறந்தமையாற் கிடைத்தது.

மற்றுமொரு காரணமும் உண்டு. அன்றைய இரசிகனுக்கு இக்கதை புதியது. ஆயினும் அதன் எலும்புக்கூடு பழையது. வான ஊர்தியில் வந்த வேற்றிடத்தான் ஒருத்தியைக் கவர்ந்து செல்வதும், அவளுக்குரியவன் கடத்தற்கரியதைக் கடந்து சென்று மீட்பதும் இராமகாதையன்றோ? புட்பக விமானத்தை அறிந்தவனுக்கு, சீவக சிந்தாமணியில் விசயை ஏறித் தப்பிய மயிற்பொறியைக் கேட்டவனுக்கு, 1951 இல் ‘பாதாள பைரவி’யையும் 1957 இல் ‘மாயா பஜாரை’யும் கண்டவனுக்கு, வேற்றுக் கிரகம் என்பது முன்னர்க் கேட்ட மாய உலகின் புதிய முகவரியே. அவன் விஞ்ஞானத்தை எதிர்பார்த்து ஏமாந்தானல்லன்; கதையை எதிர்பார்த்து மகிழ்ந்தான். இலங்கையில் இருந்து நோக்கும் நமக்கு இன்னொரு சுவையும் உண்டு. இராவணன் இசையில் வல்லவன் என்பது மரபு. இப்படத்து இராவணர்களோ இசையறியாதவர்கள். இசையின் பொருட்டே கவர்கின்றனர். பழைய கதை இவ்விடத்திற் புதுப்பொருள் பெறுகின்றது.

தொல்காப்பியர் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுவர். அவற்றுள் நகையும் மருட்கையும் ஈண்டு நமக்கு வேண்டுவன. மருட்கை, அஃதாவது வியப்பு, நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும். புதுமையாலும், பெரிதாயிருத்தலாலும், நுண்ணிதாயிருத்தலாலும், ஒன்று பிறிதொன்றாய் ஆகும் ஆக்கத்தாலும் அது தோன்றும். நகைக்கும் அவ்வாறே நான்கு களன்கள் உள. எள்ளல் ஒன்று, இளமை மற்றொன்று, அறிவின்மையாகிய பேதைமையும், பிறர் கொளுத்தியதைக் கொண்டு விடாமையாகிய மடனும் ஏனையவை. உரையாசிரியராகிய பேராசிரியர், சுவை என்பது பொருளில் மட்டும் இல்லை, வேம்பு போன்ற பொருளும் நாவின் உணர்வும் கூடியவழியே பிறப்பது என விளக்குவர். திரைப்படத் திறனாய்வுக்கு இதனினும் சிறந்த தொடக்கம் வேண்டுவதில்லை. ‘கலை அரசி’ என்னும் வேம்பு மாறவில்லை, நா மாறிவிட்டது.

அன்றைய நாவைப் பற்றிப் பேசுங்கால் படமாளிகையை மறத்தல் ஆகாது. தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் இருந்து கண்ட முதற் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்றும், அங்கு இருக்கை பிறப்பினால் அன்றி வாங்கும் சீட்டினால் அமைந்தது என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டிக்காட்டியுள்ளார். கொழும்புக்கும் இது பொருந்தும். துறைமுகத் தொழிலாளியும், கடைச் சிப்பந்தியும், எழுதுவினைஞரும், பாடசாலைக்கு ஒளித்து வந்த மாணவனும் ஒரே இருளில் இருந்தனர். ஒருவன் வியந்து எழுப்பிய ஒலி அடுத்தவன் வியப்பைப் பெருக்கிற்று. மருட்கை அங்குத் தனிமனிதன் உடைமையன்று, ஊரின் உடைமை. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்தபின் இறக்குமதி கட்டுப்பட்டது. 1983 யூலையிற் பலவும் எரிந்தபோது படமாளிகைகளும் எரிந்தன. கலரியில் அருகருகே இருந்தோர் இலண்டனுக்கும் தொறொன்ரோவுக்கும் சிதறினர். ஆகவே, அன்று வெள்ளவத்தையில் அப்பெரியவர் நகையாதிருந்தமை படத்தின்மேற் கொண்ட பற்றினால் மட்டும் அன்று. அவர் கண்டது திரையை மட்டுமன்று. தம் இருபுறமும் இருந்து இன்று இல்லாதோரையும் கண்டார் என்றே கருதுகின்றேன்.

இனி, இளைஞரின் நகையை நோக்குவோம். அதனைக் குற்றமெனக் கூறுதல் என் கருத்தன்று. மேலைநாட்டில் இத்தகைய நகைக்கென ஒரு பண்பாடே வளர்ந்துள்ளது. எட் வுட் என்பவர் இயக்கி 1950களின் இறுதியில் வெளிவந்த ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்னும் படத்தை, 1980 இல் வெளியான நூலொன்று உலகின் மிக மோசமான படம் என முடிசூட்டிற்று. அதன்பின்னரே அதற்கு அன்பர் கூட்டம் பெருகிற்று. 1975 இல் வந்த ‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’வுக்கு நள்ளிரவுக் காட்சிகளில் மக்கள் வேடமிட்டு வந்து, திரையோடு எதிர்வாதம் பேசி, திருமணக் காட்சியில் அரிசி எறிந்தனர். ‘கேம்ப்’ என்று அவர்கள் வழங்கும் இச்சுவையைப் பற்றி 1964 இல் எழுதிய சூசன் சொன்டாக், வேண்டுமென்றே செய்த கோமாளித்தனம் வேறு, மெய்யாகவே பெரிதொன்றைச் செய்ய முனைந்து தவறியமையாற் பிறக்கும் சுவை வேறு எனப் பிரித்தார். பின்னதே தூயது என்பது அவர் முடிபு. ‘ராக்கி ஹாரர்’ முன்னதைச் சாரும். ‘கலை அரசி’ பின்னதைச் சாரும். அதில் நடித்தோர் ஒருவரும் கண்சிமிட்டவில்லை.

நம் இரசிகரும் திரையோடு பேசியவரே. விசிலடித்தனர்; காசு வீசினர்; கர்ப்பூரமும் காட்டினர். ஆயின், அரிசி எறிபவன் தான் திரையினும் உயர்ந்தவன் என்று எண்ணி எறிகின்றான். கர்ப்பூரம் காட்டுபவன் திரையைத் தன்னினும் உயர்த்திக் காட்டுகின்றான். இரண்டும் மிகையே. திறனாய்வாளன் இவ்விரண்டிற்கும் இடையே நிற்றல் வேண்டும். நாவலப்பிட்டியில் 1917 இற் பிறந்து, பின்னர் 1977 முதல் 1987 வரை தமிழ்நாட்டின் முதலமைச்சராய் விளங்கிய ஒருவரை, ஒரு படத்து நடிகராக மட்டும் நோக்குதல் நம்மவர்க்கு எளிதன்று. சிலர் அவரைக் கண்டு நகைத்தலைப் பாவமென்பர்; சிலர் நகைத்தலையே விடுதலையென்பர். படத்தைப் பார்ப்பவர் இருசாராரிலும் சிலரே.

படத்தைப் பார்ப்பின், அதன் மெய்யான குறை புலனாகும். இளைஞர் நகைத்த உடையும், பொறியும், மிதத்தலும் குறையல்ல. அவை அக்காலத்துப் பொருளளவு. குறை கதையுள் உள்ளது. அறிவியல் நிறைந்து கலை வறண்ட ஒரு சமுதாயம் எவ்வாறிருக்கும்? இசையைக் கேளாது வளர்ந்த குழந்தை முதன்முதல் ஓரிசையைக் கேட்கும்போது அதன் முகம் எவ்வாறு மாறும்? கலையைக் கற்பித்தற்கெனக் கவர்ந்துவரப்பட்டவள் மனமுவந்து கற்பிப்பாளா? சிறைப்பட்ட குரலிலிருந்து கலை பிறக்குமா? இத்துணை வினாக்களையும் எழுப்பத்தக்க கருவைக் கையிற் கொண்டு, படம் அதனை வழக்கமான அரசவையாகவும், ஆள்மாறாட்டமாகவும், சண்டையாகவும் ஆக்கிவிடுகின்றது. வேற்றுக் கிரகம்வரை சென்ற கற்பனை, அங்கு இறங்கியவுடன் சென்னைப் படப்பிடிப்பு நிலையத்துக்கே திரும்பிவிட்டது. எள்ளத்தக்கது இதுவே. இதனை ஒருவரும் எள்ளவில்லை.

ஆயினும் அக்கரு எஞ்சி நிற்கின்றது. அக்காலத்து உலகப் படங்களில் வேற்றுக் கிரகத்தார் பெரும்பாலும் பூமியை வெல்லவோ அழிக்கவோ வந்தனர். இப்படத்தார் பாட்டுக் கற்க வருகின்றனர். எல்லாம் உடையவர்களுக்கும் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு என்னும் பெருமிதம் அதில் உள்ளது. அப்பெருமிதத்தைத் தற்புகழ்ச்சி என ஒதுக்கலாம். ஆயின், 1956 முதல் நம் நாட்டில் வாழ்ந்து 2008 இற் கொழும்பிற் காலமான ஆதர் சி. கிளாக்கை எண்ணிப்பார்க்க. செய்மதித் தொடர்பு பற்றி 1945 இலேயே எழுதியவர். கடலில் மூழ்குதலை எடையின்மையை உணரும் வழியாகக் கொண்டவர். அவர் குப்ரிக்கோடு சேர்ந்து ஆக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ 1968 இல் வெளிவந்தபோது, விண்கலம் மிதந்த வெளியைப் பழைய வால்ஸ் இசையே நிரப்பிற்று. பெரும்பொருட் செலவில், பிழையற்ற பொறிகளோடு எடுத்த படமும் ஈற்றில் இசையைத்தான் நாடிற்று. ‘கலை அரசி’ தட்டுத்தடுமாறிச் சொன்னதும் அதுவே.

விஞ்ஞானப் பிரிவே கல்வி, கலைப் பிரிவு எஞ்சியோர்க்கு என எண்ணும் பெற்றோர் மலிந்த நம்மிடையே இக்கரு விளையாட்டன்று. உயர்தரத்திற் சங்கீதத்தை ஒரு பாடமாக எடுக்க விரும்பி, வீட்டார் இசையாமையால் உயிரியல் படித்த மாணவரை யான் கண்டிருக்கின்றேன். அன்று வெள்ளவத்தையிற் சிரித்தோருள்ளும் அத்தகையவர் ஒருவர் இருந்தார். அறிவியல் மிகுந்து கலை குன்றிய அக்கிரகம் எங்குள்ளது என்று அவர் வானத்தை நோக்கித் தேட வேண்டுவதில்லை.

பேராசிரியர் எள்ளலுக்கு இரு பொருள் கூறுவர். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் மற்றொன்று. இளைஞர் முன்னதை அறிந்திருந்தனர். பின்னதற்கும் இப்படத்தில் இடமுண்டு என்று அவர்களுக்குச் சொல்ல விரும்பினேன். ஆயின் என்னை அப்பெரியவர் முந்திக்கொண்டார். மிதக்கும் காட்சியை மீண்டும் போடச் சொன்னார். இம்முறை பேரன் சிரிக்கத் தொடங்கியதும் அவரும் சிரித்தார். அவர் நகை எள்ளலிற் பிறந்ததன்று. தொல்காப்பியர் கூறிய இளமையிற் பிறந்தது. பேரனோ, சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, “அப்பப்பா, இதை எப்பிடி எடுத்திருப்பினம்?” என்று வினவினான்.

அவ்வினா மருட்கை. நகையும் மருட்கையும் அவ்வேளையில் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் இடம் மாறின. பழைய படத்தைக் காணும் முறை இதுவே என்பேன். நகைக்க வேண்டுமாயின் நகைக்கலாம்; ஆயின் நகைத்து முடித்தபின் வினவுதற்கு ஒரு வினாவேனும் மீதம் இருத்தல் வேண்டும்.