மைக் இல்லாத கிட்டார்: தொலைந்தது எது?

எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டில் சத்தமில்லாமல் பதிவு செய்வது பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாசகம் வந்து விழும்: "என்ன இருந்தாலும் மைக் வச்சு எடுத்த மாதிரி வராதுங்க." கேபிளை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, ஆம்ப், ஸ்பீக்கர், அறை எல்லாவற்றையும் கணினிக்குள்ளேயே உருவாக்கி, ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே வாசிப்பது ஏதோ கைவசம் ஸ்டுடியோ இல்லாதவர்கள் செய்கிற ஒப்பேற்றல் வேலை என்கிற தொனி அதில் இருக்கும். நானும் அப்படித்தான் பதிவு செய்கிறேன், ஆனால் இது எனக்கான வக்காலத்து இல்லை. சத்தமில்லாத பதிவில் தொலைகிற பொருள் ஒன்று நிச்சயமாக உண்டு. குறை சொல்கிறவர்கள் அதைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பதே என் வாதம்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். இது லேப்டாப் காலத்துப் பழக்கம் என்று நினைத்தால், அப்படி இல்லை. 1968-ல் வந்த பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன்' சிங்கிளில் முதல் விநாடியிலேயே காதைக் கிழிக்கிற கிட்டார் இருக்கிறதே, அது எந்த ஆம்பிலிருந்தும் வந்ததில்லை. லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவில் கிட்டாரை நேராகக் கன்சோலில் செருகி, ஒரு ப்ரீஆம்பின் வெளியீட்டை இன்னொரு ப்ரீஆம்புக்குள் விட்டு, தாங்க முடியாத அளவுக்கு ஏற்றி எடுத்தது. கிட்டார் ஆம்பில் இருக்கிற 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சடாரென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் கிளப்பிவிடுகிற மேல்சுரங்களில் பாதியை அந்தக் காகிதக் கூம்பே விழுங்கிவிடுகிறது. 'ரெவல்யூஷன்' கிட்டாருக்கு அந்த வடிகட்டி இல்லை. அதனால்தான் அந்தச் சத்தத்தில் ஒரு தகரத்தைச் சுரண்டுகிற குணம். லெனனுக்கு வேண்டியதும் அதுதான்.

டெட்ராய்ட்டில் மோடவுன் ஸ்டுடியோவில் கிட்டார்களும் பேஸும் நேராகக் கன்சோலுக்குப் போயின; வாசிக்கிறவர்கள் தாங்கள் வாசிப்பதைக் கேட்க அறையில் ஒரு பொது ஸ்பீக்கர். ஷிக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ் வாசித்த அந்த நறுக்கென்ற தாளக் கிட்டாரிலும் கன்சோலுக்கு நேராகப் போன ஒலி இருக்கிறது. ஆகவே மைக் இல்லாமல் நல்ல கிட்டார் வராது என்ற பேச்சுக்குப் பதில் 1960-களிலேயே கிடைத்துவிட்டது.

ஆனால் இந்தப் பதிவுகளில் ஒரு ஒற்றுமையைக் கவனியுங்கள். இவற்றில் எதுவும் ஆம்ப் மாதிரி நடிக்கவில்லை. கன்சோலில் செருகினால் என்ன சத்தம் வருமோ அதையே அழகாக ஆக்கிக்கொண்டார்கள். இன்றைக்கு நாம் வீட்டில் செய்வது இதற்கு நேர் எதிர்.

செருகுகிற இடத்தில் மட்டும் ஒரு விஷயம், சுருக்கமாக. பிக்கப் என்பது மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் முறை சுற்றிய காந்தச் சுருள். அது கேபிளின் மின்தேக்கத்தோடு சேர்ந்து 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஒரு மேடு கட்டும். கிட்டாரின் 'குரல்' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த மேடு. 1 மெகாஓம் அளவிலான கிட்டார் இன்புட்டில் செருகினால் மேடு நிற்கும். 10 கிலோஓம் லைன் இன்புட்டில் செருகினால் மேடு சரிந்து, போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். "நேரடிப் பதிவு உயிரில்லாம இருக்கு" என்ற புகார்களில் கணிசமானவை இந்த ஒரு சுவிட்சைப் பற்றியவை. இதை வைத்துத் தத்துவம் பேச வேண்டாம்.

இனி ஸ்பீக்கர். கணினிக்குள் ஸ்பீக்கரை உருவாக்குவது பெரும்பாலும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்கிற கோப்பால். ஒரு நிஜ ஸ்பீக்கர் பெட்டிக்குள் சோதனை ஒலியை அனுப்பி, வெளியே வருவதைப் பதிவு செய்து, அந்தப் பெட்டி ஒலியை எப்படி மாற்றுகிறது என்று கணக்கிட்டு வைத்துக்கொள்வது. பிறகு நம் கிட்டாரை அந்தக் கணக்கின் வழியாக அனுப்பினால் அந்தப் பெட்டியின் குணம் ஏறிவிடும். சரி, வெளியே வருவதை எதை வைத்துப் பதிவு செய்தார்கள்? மைக்கை வைத்து! ஸ்பீக்கர் கூம்பிலிருந்து சில அங்குலம் தள்ளி, பெரும்பாலும் ஷ்யூர் எஸ்.எம்.57. 2011-ல் வந்த கெம்பர் கருவியானாலும், இப்போது இலவசமாகக் கிடைக்கிற நியூரல் ஆம்ப் மாடலரானாலும், முழு ஆம்பையும் பெட்டியோடு சேர்த்துப் படியெடுக்கும்போது கதை இதுதான். மைக் இல்லாத பதிவு என்று நாம் சொல்கிற ஒவ்வொன்றிலும் யாரோ எங்கோ ஒரு நாள் வைத்த மைக் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அப்படியென்றால் இந்த மென்பொருள்கள் எதைப் போலி செய்கின்றன? ஆம்பையா? இல்லை, ஆம்பை மைக் வைத்து எடுத்த இசைத்தட்டை. ஹெட்ஃபோனில் வாசித்துப் பார்த்துவிட்டு "ஆம்ப் பக்கத்துல நிக்கிற மாதிரி இல்லையே" என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது சரி. அவர் காது இருப்பது கூம்புக்கு இரண்டு அங்குலம் முன்னால். எந்தக் கிட்டார்காரரும் அங்கே காதை வைத்து வாசித்ததில்லை. இதில் எனக்குப் பெரிய குறை என்னவென்றால், பட்டியலைத் திறந்தால் வருவது எல்லாம் பழைய மார்ஷல், பழைய ஃபெண்டர், பழைய வாக்ஸ். எந்த ஒலியையும் உருவாக்கக்கூடிய ஒரு இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தட்டுகளின் நகலை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள். பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் படித்தவர், போலராய்டில் பொறியாளராக இருந்தவர். 1976-ல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியைத் தன் வீட்டு நிலவறையில் பதிவு செய்தவர். அவர் 1980-களின் தொடக்கத்தில் ராக்மேன் என்று ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். பேட்டரியில் ஓடும், இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம், ஹெட்ஃபோனில் கேட்கலாம். கம்ப்ரஷன், டிஸ்டார்ஷன், கோரஸ், எக்கோ எல்லாம் உள்ளேயே. டோன் குமிழ் கிடையாது. ஷோல்ஸுக்குப் பிடித்த சத்தம் உங்களுக்கும் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

1987-ல் வந்த டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தின் கிட்டார்களில் பெரும்பகுதி இந்தப் பெட்டி வழியாகப் போனவை. தயாரிப்பாளர் மட் லாங் சில இடங்களில் ஒரு கார்டை ஒரே தட்டில் வாசிக்க விடாமல், ஒவ்வொரு சுரமாகத் தனித்தனியே பதிவு செய்து அடுக்கினார். கேட்கப் பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு சுரம் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதுச் சுரங்களாக வெளியே வரும். 220 ஹெர்ட்ஸும் 330 ஹெர்ட்ஸும் போனால் 110-உம் 550-உம். இரண்டும் சுருதியோடு ஒட்டும். பவர் கார்ட் கம்பீரமாக இருப்பதன் காரணம் இது. 220-உம் 277-உம் போனால் 57-உம் 497-உம் கிளம்பும். இரண்டும் அந்தக் கார்டில் எங்கும் உட்காராது. முழு மேஜர் கார்டை டிஸ்டார்ஷனில் வாசித்தால் கலங்கல் ஆவது இதனால்தான். தனித்தனியாக எடுத்து அடுக்கினால் கலங்கல் இல்லை. 'ஹிஸ்டீரியா' கிட்டார்கள் கண்ணாடிச் சில்லு மாதிரி மினுங்குவது அதனால். எந்த மேடையிலும், எந்த ஆம்பிலும் இப்படி ஒரு சத்தம் இருந்ததில்லை. அது ஸ்டுடியோவில் மட்டும் இருக்கக்கூடிய கிட்டார். அந்த ஆல்பம் எனக்கு முழுதாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன், பல இடங்களில் சர்க்கரை அதிகம். ஆனாலும் சத்தமில்லாத பதிவுக்கென்று ஒரு அழகியல் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி என்னிடம் இல்லை.

சரி, தொலைந்தது எது?

லேட்டன்சி என்பார்கள். எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. ஆம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கிற ஒருவருக்கு ஒலி வந்து சேரவே சுமார் 9 மில்லிசெகண்ட் ஆகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட்தான். போக வர, மற்ற சில்லறைத் தாமதங்களோடு சேர்த்தாலும் மேடையில் நிற்பவரைவிட மோசம் இல்லை.

தொலைவது காற்று. சத்தமாக ஒலிக்கிற ஸ்பீக்கரின் காற்று திரும்பி வந்து கிட்டாரின் உடலையும் கம்பியையும் அசைக்கிறது. அசைந்த கம்பி மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது. சுரம் சாகாமல் நிற்பதும், சில நேரம் தானாகவே மேல்சுரத்துக்குத் தாவுவதும் இந்தச் சுற்றால். 1967-ல் மாண்டரேயில் ஹெண்ட்ரிக்ஸ் வாசித்ததில் பாதி, இந்தச் சுற்றோடு அவர் போட்ட மல்லுக்கட்டு. ஹெட்ஃபோனில் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. சத்தம் போகிறது, திரும்பி வருவதில்லை. சஸ்டெயினைக் கம்ப்ரஷனால் நீட்டலாம், ஆனால் நீண்டு நிற்கிற சுரம் வேறு, வாசிப்பவரைத் திருப்பிப் பிடித்து இழுக்கிற சுரம் வேறு. நல்ல சிமுலேட்டரில் எடுத்த பதிவையும் ஆம்பில் எடுத்த பதிவையும் கேட்பவர் பிரித்தறியத் திணறலாம். வாசிப்பவர் திணற மாட்டார். வித்தியாசம் சத்தத்தில் இருப்பதைவிட, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் வாசித்த விதத்தில் இருக்கிறது. அந்த விதம் பதிவில் ஏறிவிடும்.

அதனாலேயே, சுத்தமான சிக்னலை மட்டும் பதிவு செய்துவிட்டு ஆம்பைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம் என்ற வசதியை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். 1979-ல் 'அனதர் பிரிக் இன் த வால்' இரண்டாம் பாகத்தின் சோலோவை டேவிட் கில்மர் கன்சோலில் நேராக வாசித்து, பிறகு அதை ஆம்புக்கு அனுப்பி எடுத்தார்கள். உண்மை. ஆனால் அது கில்மர். தடவலும் அழுத்தமும் விரலிலேயே தீர்மானமாகிவிட்டன. நாம் செய்வது என்ன? ஒரு சத்தத்தில் வாசித்து, நாற்பது சத்தத்தில் கேட்டு, எதிலும் ஒட்டாமல் முடிப்பது. டிஸ்டார்ஷன் கூடினால் கை இலேசாகும், குறைந்தால் கை அழுந்தும். அப்படியிருக்க, பிறகு சத்தத்தை மாற்றினால் கை சொன்னது ஒன்று, காதில் விழுவது வேறொன்று. இப்போதெல்லாம் வாசிக்கிறபோது கேட்கிற சத்தத்தையே பதிவு செய்கிறேன், மாற்றுவதில்லை. பிடிக்கவில்லை என்றால் மறுபடி வாசிப்பதுதான்.

அறுந்த சுற்றை ஓரளவு ஒட்டவைக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. சின்ன ஆம்ப் ஒன்றை மிகக் குறைந்த சத்தத்தில் பக்கத்தில் வைத்து, கிட்டாரின் தலைப்பகுதியை அதன் மரப்பெட்டியில் அழுத்திப் பிடிப்பது. காற்று செய்ய வேண்டிய வேலையை மரம் செய்யும். பெட்டியின் அதிர்வு கழுத்து வழியாகக் கம்பிக்கு ஏறும். பதிவு வழக்கம்போல கணினிக்குள்ளேயே போகலாம். எல்லாச் சுரத்துக்கும் இது பிடிக்காது, சிலது இரண்டு விநாடியில் செத்துவிடும். என் கிட்டாரில் மூன்றாம் கம்பியின் ஏழாவது ஃபிரெட்டில் பிடித்தால் நிற்கிறது.